ஞானஸ்நானத்துக்கு மறுநாள்

தமிழ் எழுத்துக்களை அச்சுக் கோத்து இந்திய மண்ணில் வெளியிட்ட முதல் நூல் எங்கே அச்சாயிற்று என்று கேட்டால், நம் சங்க அன்பர்களில் பலரும் சென்னையையோ தரங்கம்பாடியையோ சொல்வார்கள். அது அச்சானது நாம் பிழைக்க வந்து குடியிருக்கும் இதே கேரளத்தில், கொல்லத்தில். ஆண்டு 1578, அக்டோபர் 20. நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கம். திருவனந்தபுரத்தில் காலை ரயிலேறினால் வெயில் ஏறுமுன் கொல்லத்தில் இறங்கிவிடலாம். ஆனால் அந்த நூலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குத்தான் போக வேண்டும்.

அதில் இருப்பது இலக்கியமும் அல்ல, இலக்கணமும் அல்ல. புதிதாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய கடற்கரை மக்களுக்கு அடிப்படைப் பாடம் சொல்லிக் கொடுக்கும் சிறு ஏடு அது. சேர்ந்தவர்களை எப்படிக் கைப்பிடித்து நடத்துவது என்ற கவலைதான் தமிழை முதன்முதலாக இந்திய அச்சில் ஏற்றியது என்று சொன்னால் மிகையாகாது.

நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறோம். பொங்கலும் ஓணமும் கிறிஸ்துமஸும் ஒரே மேடையில் கொண்டாடுகிறோம். ஆகவே இதை மதப் பிரசாரம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒருவர் சமயம் மாறலாமா கூடாதா என்பது என் கட்டுரையின் பொருளே அல்ல. மாறிவிட்டவருக்கு மறுநாள் என்ன நேர்கிறது, அவர் அருகில் யார் நிற்கிறார்கள் என்பதைத்தான் எழுத வந்தேன்.

இந்தக் கேள்வியை என்னுள் விதைத்தவர் கல்லாற்றில் எனக்குப் பழக்கமான ஒரு முதிய உபதேசியார். தம் பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உபதேசியார் என்றால் வெளியூர் வாசகர்களுக்கு விளங்காமல் போகலாம். இவர் பட்டம் பெற்ற போதகர் அல்ல, அங்கி தரிப்பவரும் அல்ல. ஊரோடு ஊராகக் குடியிருந்து வேதபாடம் சொல்லி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, நோயாளியைப் பார்த்து, சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பவர்.

கல்லாறு தலைநகரிலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் இருக்கிறது. ஆற்றில் உருண்டு வழுவழுத்த பாறைகளே அதற்குப் பெயர் கொடுத்தன. அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற காணி இனத்து நாட்டு மருத்துவர் லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர் என்று சிலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மலைமேலுள்ள தேயிலைத் தோட்டங்களுக்குத் தலைமுறைகளுக்கு முன்பே தென் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பேரப் பிள்ளைகள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நம் வீடுகளில் நடப்பதே அங்கும் நடக்கிறது. வசதி மட்டும் குறைவு.

ஒரு நாள் அவரிடம், “இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கும் ஐயா?” என்று கேட்டேன். அவர் கணக்குச் சொல்லவில்லை. “தம்பி, ஞானஸ்நானம் குடுக்கது ஒரு நாள் வேல. அதுக்கு ஐயர் வருவாரு, படம் எடுப்பாங்க, கறிச்சோறு உண்டும். மறுநாள் காலைல அவன் எந்திரிச்சு எங்க போவான்? அதச் சொல்லுங்க முதல்ல” என்றார். (எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்பது பழைய வழக்கம்.)

எங்கே போவான் என்பது சாதாரணக் கேள்வி அல்ல. கோயில் கொடைக்கு வரி கேட்டு வருவார்கள்; கொடுத்தால் இங்கே குறை, கொடுக்காவிட்டால் அங்கே பகை. அக்காள் மகள் சடங்குக்குத் தாய்மாமனாக நிற்க வேண்டும். நாளைக்கே வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எடுத்துப் போக எந்தக் கூட்டம் வரும்? பழைய உறவு கையை விட்டிருக்கும், புதிய சபை இன்னும் கையை நீட்டியிருக்காது. ஆற்றின் நடுப்பாறையில் நிற்கிற மாதிரிதான். அந்த நிலையில் பல பேர் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். சிலர் இரண்டுங்கெட்டானாகக் குடியில் விழுகிறார்கள். சபைக் கணக்கேட்டில் மட்டும் அவர்கள் பெயர் பத்திரமாக இருக்கும்.

இது இன்று நேற்றுத் தோன்றிய சங்கடம் அல்ல. முத்துக்குளித்துறையில் 1535-க்கும் 1537-க்கும் இடையே சுமார் 20,000 பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பில் போட்டியாளரோடு மூண்ட பகையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் தண்ணீர் ஊற்றிய குருக்கள் கொச்சிக்குத் திரும்பிவிட்டார்கள். தமிழ் தெரிந்த ஒரு குரு கூட அந்தக் கரையில் தங்கவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1542 அக்டோபரில், பிரான்சிஸ் சவேரியார் வந்து விசாரித்தபோது, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அந்த மக்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லாதபோது அவர்களை எப்படிக் குறை கூற முடியும்?

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரை உட்காரவைத்து, விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, அதைத் தாமே மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள்.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேண்டும் என்று கரையெங்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-இல் தம் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் அதைக் குறிப்பிட்டு, இனிமேல் ‘விசுவாசம்’ என்றே சொல்லிக் கொடுங்கள் என்று திருத்தினார். நான் இறையியல் படித்தவன் அல்ல. ஆனாலும் புயலிலும் பகையிலும் வாழ்ந்த அந்த மீனவர் வாயில் ‘வேணும்’ என்ற சொல்லும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 1544-ஆம் ஆண்டு இறுதியில் அவர் நம் திருவிதாங்கூர்க் கரையில், பூவாற்றுக்குத் தெற்கே ஊர் ஊராகச் சென்று, ஒரே மாதத்தில் முக்குவர்களில் சுமார் 10,000 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரு மாதத்தில் பத்தாயிரம்! அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தப் பத்தாயிரம் பேருக்கும் மறுநாள் என்ற ஒன்று விடிந்திருக்கும் அல்லவா? அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. ஆகவேதான் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். கணக்கப்பிள்ளை என்றால் வரவு செலவு எழுதுபவர் அல்ல. அந்த ஊர்க்காரரே, எழுதப் படிக்கத் தெரிந்தவர், நாள்தோறும் மக்களைக் கூட்டி ஜெபம் சொல்லிக் கொடுப்பவர், பிறப்பு இறப்பைப் பதிபவர். அவர்களுக்குச் சம்பளமாக ஆண்டுக்கு 4,000 பணம் கிடைத்தது. அது போர்த்துக்கல் ராணியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த தொகை. ராணிக்குச் சொர்க்கம் ஏறத் தூத்துக்குடிப் பிள்ளைகளைவிட நல்ல காலணி வேறில்லை என்ற கருத்தில் சவேரியார் எழுதி வாங்கிவிட்டார். சமர்த்தர்தான்.

சவேரியார் அந்தக் கரையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். பின்பு மலாக்கா, ஜப்பான் என்று போய்விட்டார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கு அடிகளார் எங்கும் போகவில்லை. என்றீக்கே என்றீக்கஸ் என்பது அவர் போர்த்துக்கீசியப் பெயர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்து, 1600-இல் புன்னைக்காயலில் காலமானார். தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, அயலாருக்காக ஒரு தமிழ் இலக்கணமும் எழுதி, ‘தம்பிரான் வணக்க’த்தை ஆக்கினார். அடுத்த ஆண்டே, 1579-இல், விரிவான வினாவிடை நூல் கொச்சியில் அச்சாயிற்று. 1586-இல் அடியார் வரலாறும் வந்தது. ஒருவர் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவதற்கும், ஒருவர் ஐம்பது வருஷம் கூடவே இருப்பதற்கும் உள்ள வேற்றுமைதான் இந்த மூன்று நூல்கள்.

கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வருவோம். நட்டாலத்து நீலகண்ட பிள்ளையின் கதை எல்லாரும் அறிந்ததே. 2022 மே 15-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளை அவர். பத்மநாபபுரம் அரண்மனை உத்தியோகஸ்தரான அவருக்கு மாடு சாவு, சொத்து நஷ்டம் என்று அடிமேல் அடி விழுந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டு மார்த்தாண்ட வர்மாவின் படைத் தலைவராக ஆகியிருந்த, டச்சுப் படையிலிருந்து வந்த டி லனாய், எல்லாம் இழந்தும் நிலைகுலையாத யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார். போதனையை அவர் அங்கிருந்து தொடங்கவில்லை. நண்பனின் துக்கத்திலிருந்து தொடங்கினார். பின்பு வடக்கன்குளத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்ப, 1745-இல் பரஞ்சோதிநாதர் என்று தமிழர் அழைத்த பூட்டாரி அடிகளார் ஞானஸ்நானம் கொடுத்தார். ஏழாண்டுகளுக்குள், 1752 ஜனவரி 14-இல், ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதே வடக்கன்குளத்தில்தான் பிற்காலத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக இரு கூடம் வைத்துக் கோயில் கட்டி, நடுவே சுவரும் எழுப்பினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெற்று நாலைந்து தலைமுறை ஆன பிறகும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் அது என்ன வழிகாட்டல்?

என் முன்னோர் வந்த வழி வேறு. அது மயிலாடி வழி. 1956 நவம்பர் 1 வரை மயிலாடியும் கல்லாறும் ஒரே திருவிதாங்கூரில் இருந்தவை என்பதை இளைய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டும். மயிலாடியில் மகராசன் என்ற சாம்பவர் குலத்துப் பக்தர், 18-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். தேடியது அங்கே கிட்டவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் உறவினரைப் பார்க்கப் போன இடத்தில் கிறிஸ்தவப் போதனையைக் கேட்டு, கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு கையில் சில தமிழ்ப் புத்தகங்களுடன் ஊர் திரும்பினார். சுற்றிலும் பகை. ஊரைவிட்டே போய்விடலாமா என்ற அளவுக்குத் துன்பம். ஆனாலும் அவர் தம் உற்றாரைக் கூட்டி, தமக்குத் தெரிந்த அளவைச் சொல்லிக் கொடுத்தார். தாமே புது விசுவாசி. பிறருக்கு அவர்தான் வழிகாட்டி. ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனெரி ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தது 1806 ஏப்ரல் 25-ஆம் தேதிதான். அதாவது மிஷனெரி வருமுன்பே மயிலாடியில் ஒரு கூட்டம் இருந்தது. தென் திருவிதாங்கூர்ச் சபை வரலாற்றை 1903-இல் எழுதிய சி. எம். ஆகூர் முதலானோர் இதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ரிங்கல்தௌபே விசித்திரமான மனிதர். சம்பளத்தைப் பெரும்பாலும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கிழிந்த உடையோடு திரிந்தார். ஆனால் ஞானஸ்நானம் கொடுப்பதில் மகா கறார். அந்நாளில் ஊழியம் என்ற கூலியில்லா வேலையும் தலைவரியும் தாழ்த்தப்பட்ட மக்களை நசுக்கிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரர் சபையில் சேர்ந்தால் இவற்றிலிருந்து தப்பலாம், வழக்கிலும் உதவி கிடைக்கும் என்று பலர் வந்தார்கள். உலகக் கஷ்டம் நீங்கும் என்று எண்ணி வராதீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரியா? எனக்கு இரு மனம். அடிபட்டவன் அடியிலிருந்து தப்ப ஓரிடம் தேடுவதில் தவறு என்ன இருக்கிறது? ஆனால் கிடைக்காத ஒன்றைக் கிடைக்கும் என்று நம்பவைத்துச் சேர்ப்பது பெரிய துரோகம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த மட்டில் அவர் பக்கம் நான்.

வேலுத்தம்பி தளவாயின் காலத்தில் கோயில் கட்ட அனுமதி கிட்டவில்லை. 1809-இல்தான் மயிலாடியில் சிறு ஆலயம் எழுந்தது. 1816-இல் ரிங்கல்தௌபே உடல் நலம் கெட்டுப் புறப்பட்டார். கிழக்கே கப்பலேறினார் என்பது வரை செய்தி உண்டு. எங்கே எப்படி முடிந்தார் என்பது இன்றுவரை புதிர். போகுமுன் சபைகளை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்த மிஷனெரி மீட் வந்து சேரும்வரை அவற்றைக் கட்டிக் காத்தது அந்த மயிலாடிக்காரர்தான். பிறகு மீட், மால்ட் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தபோது, இரண்டு மூன்று வெள்ளைக்காரர் என்ன செய்துவிட முடியும்? ஊர் ஊருக்கு உபதேசிமாரும் வாசகர்களும் வைக்கப்பட்டார்கள். அவர்களை நாகர்கோவிலுக்கு வரவழைத்துப் பாடம் சொல்லி மறுபடி ஊருக்கு அனுப்பினார்கள். மிஷனெரிகளின் படங்கள் ஆலயச் சுவர்களில் தொங்குகின்றன. உபதேசிமார் படம் எங்கேயும் நான் கண்டதில்லை.

கல்லாற்று உபதேசியார் அந்த வரிசையில் வந்தவர். அவர் வழக்கங்கள் சிலவற்றைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஒருவர் வந்து சேர விரும்பினால், குறைந்தது ஒரு வருஷமாவது சும்மா வந்து போகச் சொல்வார். அந்த வருஷத்தில் பண விஷயத்தில் அவர்களோடு கொடுக்கலும் வாங்கலும் இல்லை. ரிங்கல்தௌபே பெயரை அவர் கேள்விப்பட்டது கூட இல்லை, நான் சொன்னபோது, “வெள்ளக்காரனும் அப்படித்தான் செஞ்சானா?” என்று சிரித்தார்.

இன்னொன்று, சாப்பாடு. புதுக் குடும்பத்தைப் பழைய விசுவாசிகள் வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பது எல்லா இடத்திலும் உண்டு. இவர் அதை மாற்றி, பழைய குடும்பத்தாரைப் புதியவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்வார். “கூப்பிட்டு சோறு போட எல்லாருக்கும் வரும். அவன் வீட்டுத் தட்டுல திங்கணும் பாருங்க, அங்கதான் சாதி வெளிய வரும்” என்பார். ஒரு முறை மூத்த விசுவாசி ஒருவர் வயிறு சரியில்லை என்று தட்டிக்கழித்தாராம். மறுவாரம், அதற்கு மறுவாரம் என்று மூன்று வாரம் அதே அழைப்பை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். நாலாவது வாரம் வயிறு சரியாகிவிட்டது.

லயத்து இளைஞன் ஒருவன் ஞானஸ்நானம் பெற்ற புதிதில் தாயோடு பேச்சை நிறுத்திவிட்டான். கார்த்திகைக்கு விளக்கேற்ற அந்த அம்மாள் எண்ணெய் வாங்கிவரச் சொன்னதற்கு, அது பாவம் என்று மறுத்துவிட்டானாம். நகரத்திலிருந்து வந்து கூட்டம் போட்ட ஒரு பிரசங்கியார் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உபதேசியாருக்கு அன்று வந்த கோபத்தை நான் நேரில் பார்த்தேன். “ஏலே, ஒன் அம்மைக்கு எண்ணெ வாங்கிக் குடுக்கதுல ஒனக்கு என்னல பாவம் வந்துச்சு? விளக்க நீயா கும்பிடப் போற? அம்மைய கனம் பண்ணுன்னு படிச்சியே, அது எந்த அம்மைய?” அன்று மாலையே இளைஞன் கடைக்குப் போனான். இதை ஏற்காத போதகர்கள் உண்டு; இடறலுக்கு வழி வைக்கிறார் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தப் பிரசங்கியார் மறுபடி கல்லாற்றுப் பக்கம் வரவில்லை. தாயும் மகனும் ஒரே அறையில்தான் படுத்து எழுகிறார்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய மற்றொரு விஷயம் சட்டம் பற்றியது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, தாழ்த்தப்பட்ட வகுப்பார் பட்டியலில் இந்துக்கள் மட்டுமே இடம்பெற்றார்கள். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகிறவர் அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்டுவிடுவார். பழங்குடிப் பட்டியலுக்கு இந்த விதி இல்லை; ஆகவே காணி மக்களின் நிலை வேறு. பிள்ளைகளின் படிப்பும் வேலையும் இதில் அடங்கியிருப்பதால், இது ஞானஸ்நானத்துக்கு முன்பே சொல்லப்பட வேண்டிய செய்தி. பல இடங்களில் சொல்வதில்லை. பின்னால் சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போகும்போதுதான் தெரியவருகிறது. உபதேசியார் முதல் மாதத்திலேயே கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவார். கேட்டுவிட்டு வராமல் போனவர்களும் உண்டு. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இன்றும் அவருக்கு அழைப்பு வருகிறது.

இப்போது அவரை வாட்டுவது மொழி. அவரிடம் இருக்கும் வேதாகமம், வினாவிடை, பாட்டுப் புத்தகம் எல்லாம் தமிழ். இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலையாளத்தில் கொடுத்தால் பிள்ளைகள் படிக்கிறார்கள், பாட்டிக்குப் புரியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஜெபம். கைப்பேசியில் ஒலிவடிவில் வேதம் கிடைக்கிறது, கேட்கலாம் என்று நான் சொன்னேன். “கேக்கலாம் தம்பி. ஆனா நிறுத்தி நிறுத்தி, இது என்னன்னு கேள்வி கேக்க முடியாதுல்லா” என்றார். அண்டிரிக்கு அடிகளார் மக்கள் மொழியில் புத்தகம் போட்ட நாட்டில், மக்களிடமிருந்தே அந்த எழுத்து நழுவிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டை விட்டு வந்த தமிழன் வேற்று மொழியில் வழிகாட்டிய உதாரணமும் உண்டு. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி. எஸ். அசரியா, 1909-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போய், முப்பது வயதைத் தாண்டியபின் தெலுங்கு கற்றார். 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிகன் பேராயரானார். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் தம் தலைமேல் கைவைத்து, கற்றதைப் பிறருக்குச் சொல்வது என்மேல் விழுந்த கடமை என்ற பொருள்பட உறுதி சொல்லும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். நேற்றுச் சேர்ந்த கூலியாள் நாளைக்கு வருகிறவனுக்கு ஆசிரியன். மயிலாடியில் வேதமாணிக்கம் தற்செயலாகச் செய்ததை அவர் முறையாக்கிவிட்டார்.

உபதேசியார் மலையாளம் எழுத இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறார், கையெழுத்துச் சுமார்தான். அதோடு சனிக்கிழமை மாலைகளில் லயத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் சொல்லிக் கொடுக்கிறார். எந்தச் சமயத்து வீட்டுப் பிள்ளையானாலும் வரலாம். பாதிப் பேர் மாரியம்மன் கோயில் வீட்டுப் பிள்ளைகள். போன முறை பன்னிரண்டு பேருக்கு மூன்று அரிச்சுவடிகள்தான் இருந்தன. நம் வீடுகளில் பிள்ளைகள் படித்து முடித்த தமிழ் முதல், இரண்டாம் வகுப்புப் பாடநூல்கள், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், கோடிட்ட நோட்டுகள் இருந்தால் சங்க அலுவலகத்தில் என் பெயருக்குக் கொடுத்துவையுங்கள். அடுத்த மாதம் கல்லாறு போகும்போது கொண்டு சேர்க்கிறேன். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிக் கொடுத்தால் நல்லது. லயத்துக் கூரை ஒழுகுகிறது.